பெரிய சிஸ்டரும் இடது பின்சக்கரமும்

முழங்காலுக்கு அடியில் பழைய தலையணை ஒன்றைப் போட்டுக்கொண்டு, வால்வின் மூடியைத் திருகிக் கழற்றி, விரித்த கைக்குட்டையின் நடுவில் அதை மல்லாத்தி வைத்துவிட்டு, காற்றழுத்தம் பார்க்கும் கேஜைப் பொருத்துகிறார் பெரிய சிஸ்டர். 'புஸ்' என்று ஒரு சிறிய ஓசை. அதைக் கேட்டதும் அவர் முகத்தில் நிறைவு படர்கிறது. அளவு ஒழுங்காக எடுக்கப்படுகிறது என்பதற்கு அந்த ஓசைதான் அவருக்குச் சான்று. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்து முள்ளைப் படித்து, "முப்பது. காலையில முப்பத்தொண்ணு இருந்துச்சு" என்று உரக்க அறிவிக்கிறார். கார் நிறுத்தும் கொட்டகையில் அவரைத் தவிர ஒருவருமில்லை. ஆனால், அறுவைச் சிகிச்சை வார்டில் கால் நூற்றாண்டாக அளவுகளை உரக்கச் சொல்லிப் பழகிய வாய், கேட்க ஆளில்லை என்பதற்காக மூடிக்கொள்வதில்லை. எழுந்திருக்கும் முன் டயரின் தலையில் இரண்டு தட்டுத் தட்டி, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. சரியாயிடும்" என்கிறார்.

ஆள் குள்ளம், குரல் உயரம். அவருடைய ரப்பர் ஷூ நடைகூடத்தில் 'கிறீச்' என்றதுமே, நடக்க மறுத்துப் படுத்திருக்கும் நோயாளிகள் எழுந்து உலாவத் தொடங்கிவிடுவார்கள். வீட்டுக்கு வந்தாலும் அவர் வார்டைக் கழற்றி வைப்பதில்லை. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கமாட்டார், "எவ்வளவு சாப்பிட்டீங்க?" என்பார். எவர் கையைப் பிடித்தாலும் அவருடைய விரல் தானாக நழுவி மணிக்கட்டு நாடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். நலம் விசாரித்து முடிவதற்குள் துடிப்பை எண்ணி முடித்திருப்பார். விடைபெறும் விருந்தாளியை வாசல்வரை வந்து, "கொஞ்சம் படபடப்பா இருக்கு, பாத்துக்கங்க" என்று சொல்லி அனுப்புவார். அப்படிச் சொன்ன பிறகு எவருக்குத்தான் படபடக்காது?

பேருந்தில் ஏறினால் அவருக்குக் குடலைப் புரட்டும். மலைமேல் ஓர் ஊரில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஒரே மகளைப் பார்க்கப் போனபோதெல்லாம், மகள்தான் தாயைப் படுக்கவைத்து விசிறவேண்டியதாயிற்று. தாமே ஓட்டினால் மட்டும் புரட்டுவதில்லை என்பதை ஐம்பது வயதுக்கு மேல் கண்டுபிடித்து, ஓட்டக் கற்றுக்கொண்டு, ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கினார். இப்போது மகளுக்குப் பேறுகாலம். மருமகனுக்குக் கப்பலில் வேலை; கரையேற இன்னும் மாதங்கள் இருந்தன. குழந்தை பிறந்ததும் தாயையும் சேயையும் தம் காரில் தாமே ஓட்டிவந்து வீட்டு வாசலில் இறக்குவது என்று பெரிய சிஸ்டர் முடிவுகட்டியிருந்தார். அந்த முடிவுக்குக் குறுக்கேதான் ஓர் ஆணி வந்து படுத்தது.

ஆணி என்னவோ சிறியதுதான். டயர்க்கடைக்காரர் அதைப் பிடுங்கி, ஒட்டுப்போட்டு, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காட்டி, "ஒரு குமிழிகூட இல்ல சிஸ்டர், தைரியமா ஓட்டுங்க" என்றார். வேறு எவராயிருந்தாலும் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

"ஆபரேஷன் முடிஞ்ச பேஷண்டை, தைரியமா நடன்னு சொல்லி யாராவது அனுப்புவாங்களா?" என்று வழியெல்லாம் ஸ்டியரிங்கைக் கேட்டுக்கொண்டே வந்த பெரிய சிஸ்டர், அன்றே இடது பின்சக்கரத்தைக் கண்காணிப்பில் வைத்தார்.

கண்காணிப்பு என்றால் முறைவேலை உண்டு. காலையும் மாலையும் அவருடையவை. பகல், கணவருடையது. கணவர் தையற்காரர், வீட்டின் முன்னறையே கடை. எதையும் இருமுறை அளக்காமல் கத்தரியைத் தொடாத மனிதர், டயரையும் இருமுறை அளந்தார். விடியற்காலை, மாடியறையில் குடியிருக்கும் பெரிய சிஸ்டரின் தம்பிக்கு ஒதுக்கப்பட்டது. கிடங்கு ஒன்றில் காவல் வேலை முடித்துவரும் அவர், தூக்கக் கலக்கத்தில் கேஜைக் கோணலாக வைப்பார். ஓசை நீளமாக வரும். முள்ளைப் படிக்க மறந்து, மறுபடியும் வைப்பார்.

"அக்கா, இது டயரு. மனுஷன் இல்ல" என்று அவர் முதல் நாளே சொல்லிப் பார்த்தார்.

"மனுஷன்னா எங்க வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்லிடுவான். இது சொல்லுமா? அதனாலதான்டா நாம பாக்கணும்."

பார்க்கப் பார்க்க அழுத்தம் குறைந்தது. குறையக் குறைய முறைவேலைகள் கூடின. மாலைதோறும் கணவர் மிதிபம்பின் மேல் ஏறி, தையல் இயந்திரத்தில் பழகிய காலால் காற்றை நிரப்பினார். "கல்யாணமான நாள்லேர்ந்து மிதிச்சுக்கிட்டேதான் இருக்கேன். முன்னெல்லாம் கடைசியில ஒரு சட்டையாவது வரும்" என்று அலுத்துக்கொண்டார்.

டயர்க்கடைக்காரர் மறுபடியும் முக்கிப் பார்த்தார், குமிழி இல்லை. மாற்றுச் சக்கரத்தை எடுத்து மாட்டினார். புதிதாக வந்து சேர்ந்த நோயாளி என்பதால் பெரிய சிஸ்டர் அதற்குக் கூடுதல் கவனம் செலுத்தினார். இரண்டே நாளில் அதுவும் இளைத்தது.

"பரவுது" என்றார் பெரிய சிஸ்டர், தாழ்ந்த குரலில்.

"என்ன பரவுது?"

"பழைய டயரைத் தொட்ட கையோட இதையும் தொட்டிருக்கீங்க. இனிமே சோப்புப் போட்டுக் கைய கழுவிட்டுத்தான் மத்த சக்கரத்துப் பக்கம் போகணும்."

"ஏம்மா, டயருக்குத் தொத்து வியாதியா?" என்று கேட்டார் கணவர். கேட்டாரே ஒழிய, போய்க் கையைக் கழுவிக்கொண்டுதான் வந்தார். முப்பது ஆண்டு மணவாழ்க்கை அவருக்கு அந்த அளவு பயிற்சியைக் கொடுத்திருந்தது.

டயர்க்கடைக்காரர் பழைய டயரையே திரும்ப மாட்டிவிட்டு, "என் கடையில இருக்கிறவரைக்கும் ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு சிஸ்டர். உங்க வீட்டுக்கு வந்தாத்தான் ஏங்கிப்போயிடுது" என்றார். அது கேலி என்றே பெரிய சிஸ்டர் எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை, குறித்த நாளுக்கு முன்பே, பெண் குழந்தை பிறந்துவிட்டதாக மகள் போனில் சொன்னாள். உடன் வேலைபார்க்கும் ஆசிரியை ஒருவர் துணைக்கு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். "நீ அலையாதம்மா. நான் வாடகைக் கார்ல வந்துடுறேன்" என்றாள். "நான் வர்றேன்" என்றார் தாய். அதற்குப் பிறகு வார்டின் உணவு இடைவேளையில் அவர் வீட்டுக்குப் பேசும் குரலில் ஒரு நடுக்கம் சேர்ந்துகொண்டது. "என்னங்க, பிரஷர் என்ன? இருபத்தேழா? நேத்துதானே ஏத்தினோம்? சரி, பக்கத்துலயே இருங்க."

பக்கத்து மேசைகளில் சாப்பிட்டுக்கொண்டிருந்த செவிலியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் யாருக்கோ முடியவில்லை. சிஸ்டர் வாய்விட்டுச் சொல்லமாட்டார். வெள்ளிக்கிழமை மாலை அவர்கள் ஒரு கூட்டமாகப் பழக்கூடையுடன் வந்து இறங்கினார்கள். பெரிய சிஸ்டர் கண்கலங்கி அவர்களைக் கொட்டகைக்கு அழைத்துச் சென்று நோயாளியைக் காட்டினார். பழக்கூடை கைமாறிக் கைமாறி ஒரு சுற்று வந்தது. பிறகு, தொழில் தொழில்தானே, ஒரு செவிலி தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் ஒரு தடவ பாக்கட்டுமா சிஸ்டர்?" என்றாள். அவள் சொன்ன அளவு மற்றொருத்திக்கு ஐயமாக இருந்தது. அவள் பார்த்தாள். அதைவிடக் குறைவு. "உனக்குக் கேஜ் வைக்கவே தெரியல, தள்ளு" என்றாள் மூன்றாமவள். வந்தவர்கள் அனைவரும் பார்த்து, ஒவ்வோர் அளவும் முந்தியதைவிடக் குறைந்து, கடைசியில் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது, பழக்கூடையைச் சக்கரத்தின் அருகிலேயே வைத்துவிட்டுத் தலைகுனிந்து கலைந்தார்கள்.

கணவர் அன்று பம்பை மிதிக்கவில்லை. "இந்த டயர நம்பி உன்னை மலை ஏற விடமாட்டேன். பச்சப் புள்ளைய வச்சுக்கிட்டு வளைவுல நின்னுபோனா என்ன பண்ணுவே? பஸ்ல போ. இல்லேன்னா அவ சொன்ன மாதிரி வாடகைக் கார்ல வரட்டும்."

"பஸ்ல போனா, நான் போய்ச் சேரும்போது அவளுக்குப் பக்கத்துல எனக்கும் ஒரு பெட் போடணும்."

"அப்ப நாளைக்குள்ள இதுல காத்து நிக்கணும். நிக்கலேன்னா வண்டி வெளியில போகாது. ஆமா."

கணவர் 'ஆமா' என்று முடித்தால் அது பேச்சின் கடைசிச் சொல். ஆண்டுக்கு ஒருமுறைதான் அப்படி முடிப்பார், முடித்தால் மாற்றமாட்டார்.

சனிக்கிழமை காலை பெரிய சிஸ்டர் தாமே பம்பை மிதித்துக் காற்றை நிரப்பினார். நண்பகலில், இனி ஒரே வழிதான் என்று முடிவுசெய்து, தரையில் சாக்கை விரித்து ஒருக்களித்துப் படுத்து, ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டி டயரின் விலாவில் வைத்தார். வைத்த இடத்தில் ஒன்றுமில்லை. விரற்கடை தள்ளி வைத்தார், ஒன்றுமில்லை. "மூச்ச இழு" என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டார். இப்படிச் சுற்றிலும் கேட்டுக்கொண்டு அவர் வால்வின் அருகே வந்த நேரத்தில், பகல் முறைவேலைக்கு உரிய கணவர் கழுத்தில் அளவுநாடாவும் கையில் கேஜுமாக வந்து, வழக்கப்படி பொருத்தினார்.

'புஸ்ஸ்.'

பெரிய சிஸ்டர் துள்ளி எழுந்ததில் தலை காரின் விளிம்பில் இடித்தது.

"இன்னொரு தடவ வைங்க."

"எப்பவும் ரெண்டு தடவதானே வைப்பேன்" என்று கணவர் வைத்தார். 'புஸ்ஸ்.'

"கைய எடுங்க! எடுங்கன்னா எடுங்க!"

நோயாளியின் புயத்தில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்க்கும்போதும் இதே ஓசைதான் வரும். அங்கே வெளியேறுவது கருவியின் காற்று. நோயாளிக்கு ஒரு மயிரிழை நட்டமில்லை. அந்த ஓசையை எத்தனையோ ஆயிரம் முறை கேட்டுப் பழகிய காது, இங்கே வெளியேறியது யாருடைய மூச்சு என்று ஒருமுறைகூட ஐயுறவில்லை. இன்றுதான் அது நோயாளியின் உள்ளேயிருந்து கேட்டது.

தலையணையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பாக்குறதால யாருக்காவது கெடுதல் வருமாங்க?" என்று கேட்ட குரல் வார்டில் எவரும் கேட்டிராத குரல்.

கணவர் அளவுநாடாவைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டே யோசித்தார். "ரத்தம் எடுத்து எடுத்து டெஸ்ட் பண்ணியே ஆள சோகை புடிக்க வச்சிருக்கோம்னு வச்சுக்கோயேன்" என்றார். பிறகு, மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, பம்பின் மேல் ஏறினார்.

காற்று நிரம்பியது. பம்பின் முள்ளில் முப்பத்திரண்டு; மூடி இறுகியது; உத்தரவு பிறந்தது. "யாரும் கிட்டப் போகக்கூடாது."

மாடியிலிருந்து கொட்டாவியுடன் இறங்கிவந்த தம்பி, "அப்ப அது நல்லா இருக்கா இல்லையான்னு எப்படிக்கா தெரியும்?" என்று கேட்டார். பெரிய சிஸ்டர் அன்று மாலை துவைத்த துணியை மடித்தார், மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தார், குப்பையே இல்லாத கொட்டகையைப் பெருக்கப் போனார். மூன்றாம் முறை அவர் துடைப்பத்துடன் எழுந்தபோது, கணவர் கேஜை வாங்கி, ஒரு துண்டு காக்கித் துணிக்குள் வைத்து, நாலு பக்கமும் மூட்டித் தைத்துவிட்டார். இரட்டைத் தையல். அதைக் கையில் வாங்கிப் பார்த்த பெரிய சிஸ்டர், விரல்களால் உள்ளே முள் இருக்கும் இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஞாயிறு காலையில் கணவர் தையலைப் பிரித்தார். வால்வின்மேல் கேஜை வைத்தார். தம் வாழ்நாளில் முதன்முறையாக, ஒரே ஒரு தடவை அளந்தார்.

"முப்பத்திரெண்டு" என்று பெரிய சிஸ்டர் அறிவித்தபோது கொட்டகையில் கேட்பதற்கு ஆட்கள் இருந்தார்கள். கணவர் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஆமா" என்றார்.

மலை ஏறும்போது பெரிய சிஸ்டருக்குக் குடல் புரளவில்லை. இறங்கும்போது பின் இருக்கையில் மகள். மகள் மடியில் குழந்தை. அடிவாரத்துப் பெட்ரோல் நிலையத்தில் வண்டி நின்றதும் குழந்தைக்குப் பசி எடுத்து, வீடு வரைக்கும் கேட்கும்படி வீறிட்டது. பெட்ரோல் போட்டு முடித்த பணியாள், காற்றுக் குழாயை இழுத்துக்கொண்டு இடது பின்புறம் போய்க் குனிந்தான்.

"மேடம், காத்து எவ்வளவு இருக்குன்னு பாத்துடவா?"

முன்கதவு திறந்தது. ரப்பர் ஷூ 'கிறீச்' என்றது. அவன் நிமிர்வதற்குள் பெரிய சிஸ்டர் சக்கரத்துக்கும் அவனுக்கும் நடுவே வந்து நின்று, தீவிரச் சிகிச்சை அறையின் வாசலில் உறவினர் கூட்டத்தை மறிப்பதுபோல் ஒரு கையைக் குறுக்கே நீட்டினார். காருக்குள் பேத்தி தொண்டை கிழிய அலறிக்கொண்டிருக்க, மறு கையின் விரலை உதட்டின்மேல் வைத்தார்.