பழப்புளியில் கழுவிய கோதுகள்

மன்னிக்கச் சொல்லி எனக்கு யாரும் புத்தி சொல்ல வேண்டாம். அந்த ஆளின்மீது ஒரு வருடம் முழுக்கக் கறுவிக்கொண்டு திரிந்தேன். அதில் எனக்கு வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது சுவிஸில், திரிம்பாக்கில். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், கையில் சிவப்புச் சுவிஸ் கடவுச்சீட்டு. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் வேலை. இத்தனை காலம் இங்கே இருந்தும் அவர் இன்னும் இலங்கைப் பிரஜைதான். வேலையிடத்துத் தோழி ஒருத்தி இழுத்துக்கொண்டு போய் மலைக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தின் சூட்டுக் கழகத்தில் என்னைச் சேர்த்துவிட்டாள். இங்கே அது பெரிய புதினமில்லை. சனிக்கிழமை மத்தியானம் ரயிலில் துவக்கோடு ஏறுகிறவரை யாரும் திரும்பியும் பார்ப்பதில்லை.

முதலில் கழகத்துத் துவக்கு, பிறகு எனக்கென்று சொந்தமாக ஒன்று. அரைத் தானியங்கி. ஒவ்வொரு தரமும் விசையை அழுத்த ஒரு சூடு. சுட்ட தோட்டாவின் வெறும் பித்தளைக் கோதைத் தானே வெளியே எறிந்துவிட்டு அடுத்த ரவையைத் தானே ஏற்றிக்கொள்ளும். எறிகிற கோது எங்கே போய் விழும் என்று அதற்கே தெரியாது. அந்தக் கோதுகளைப் பொறுக்கிக் கழுவி, நெளிவெடுத்து, அடியில் பொறி தட்டும் புதுக் கேப் போட்டு, வெடிமருந்து அளந்து, குண்டை வைத்து அழுத்தினால் மறுபடியும் ரவை. வீட்டுக்குக் கீழே கெல்லரில் ஒரு மேசையும் பிரஸ்ஸும் தராசும் வைத்து அதையும் பழகினேன். கடையில் வாங்கும் ரவை எல்லோருக்கும் பொது. என் துவக்குக்கு எது பிடிக்கும் என்று எனக்குத்தானே தெரியும்!

அப்பாவுக்கு வெடிச்சத்தம் ஆகாது. 2009க்குப் பிறகு, சுவிஸ் தேசிய நாளான ஓகஸ்ட் முதலாம் திகதி வாணவேடிக்கைக்கே ஜன்னல்களை இறுக்கிப் பூட்டிவிட்டு அறைக்குள் இருந்துவிடுவார். அப்படிப்பட்டவர் எனக்காக வந்தார். முதலில் காருக்குள் இருந்தார். பிறகு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். ஒருநாள் காதுக்கு மூடியை மாட்டிக்கொண்டு உள்ளேயே வந்து, நான் சுட்டு முடித்ததும் குனிந்து கோதுகளைப் பொறுக்கத் தொடங்கினார். அன்று எனக்கு அழுகை வந்தது. இலங்கைப் பிரஜைகள் இங்கே துவக்கோ ரவையோ வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். அது எங்கள் இருவருக்கும் தெரியும். அதனால் கெல்லர் சாவி என்னிடம்தான் இருக்கும். வெறும் கோது மட்டும்தான் அவருடைய பங்கு.

கழுவுவதும் அவர்தான். குத்துவிளக்கு துலக்குகிறமாதிரிப் பழப்புளியைக் கரைத்துக் கோதுகளை ஊறப் போடுவார். முதல் தரம் இரவிரவாக ஊற விட்டதில் எல்லாம் செம்புபோலச் சிவந்து பழுதாகிவிட்டன. புளி பித்தளையையே தின்றுவிட்டது என்று துவக்குக் கடைக்காரர் சிரித்தார். அத்தனையையும் எறிந்தேன். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம்தான் ஊற விடுவார், உடனே அலசிவிடுவார். என்றாலும் என் கோதுகளில் ஒரு மெல்லிய சிவப்பு ஒட்டிக்கொண்டே இருந்தது. கழகத்தில் வேறு யாருடைய கோதும் அந்த நிறத்தில் இல்லை.

இனி அந்த ஆளுக்கு வருகிறேன். கழகத்தில் சூட்டை நடத்துகிற பொறுப்பு அவருடையது. வருடா வருடம் ராசாவும் அவரே. அது என்ன என்று பிறகு சொல்கிறேன். அவரும் வீட்டில் ரவை கட்டுகிறவர், துவக்கும் என்னுடைய அதே வகை. ஒரு சனிக்கிழமை அப்பா கோது பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவர் வந்து நின்று, செவிடனோடு கதைப்பதுபோல உரத்த ஜெர்மனில், உன் நாட்டுக்காரருக்கு இதெல்லாம் தடை, பொக்கற்றில் இருப்பதையெல்லாம் மேசையில் வை என்றார். சுட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அப்பா ஒவ்வொரு கோதாக எடுத்து வைத்தார். கடைசியில் சேர்ட் பொக்கற்றிலிருந்து கோயில் திருநீற்றுப் பொட்டலமும் வந்தது. அதை அந்த ஆள் விரித்து, மூக்கருகே கொண்டுபோய் மணந்து, இது என்ன மருந்து என்று கேட்டார். அப்பா தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சாம்பல் என்று சொன்னார். யாரோ சிரித்தார்கள். நான் ஓடிப்போய்ப் பொட்டலத்தைப் பறித்தேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அப்பாதான் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

சுட்டு முடிந்த வெறும் கோதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று பிறகு கடைக்காரர் தலையில் கை வைத்தார். அடுத்த சனிக்கிழமை கழகத்து வாசலில் அப்பா காரை விட்டு இறங்கவில்லை.

"நீ போய்ச் சுடு பிள்ளை. நான் காருக்கை இருக்கிறன்," என்றார். அவ்வளவுதான். மறுபடியும் கார், மறுபடியும் மூடிய கண்ணாடி. வருடக்கணக்காக மெல்ல மெல்ல வெளியே வந்த மனிதரை அந்த நாசமாய்ப் போவான் ஒரு நிமிஷத்தில் திருப்பி உள்ளே தள்ளிவிட்டான். 

ராசா விஷயம் இதுதான். வருடத்தின் கடைசிச் சூட்டில் வெல்கிறவர் அந்தக் கழகத்தின் ராசா. பயிற்சிக்கு எப்போதும் வீட்டில் கட்டிய ரவை சுடலாம், போட்டிகளில் அன்றைக்கு மட்டும்தான் அதற்கும் அனுமதி உண்டு. பட்டம் இழந்த பழைய ராசா தும்புத்தடி எடுத்து, விழுந்து கிடக்கும் கோதுகளையெல்லாம் கூட்டிக் கூடையில் அள்ளி, புது ராசா காட்டுகிற இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். பழைய பகிடி, யாரும் மீற மாட்டார்கள். இந்த ஆள் தொடர்ந்து வென்றுகொண்டிருந்ததால் ஒருநாளும் குனிந்ததில்லை. இவரைக் குனிய வைக்கிறேன் என்று முடிவெடுத்தேன். கிண்ணமும் வேண்டாம், மாலையும் வேண்டாம். என் அப்பாவைக் குனிந்த குற்றத்துக்காக நிற்க வைத்தவர் அதே இடத்தில் குனிய வேண்டும்.

ஆனால் கோபத்தோடு மருந்து அளக்க முடியாது. ஒரு கணம் புத்தி பிசகினால் துவக்கு முகத்திலேயே வெடித்துவிடும். பல நாள் கெல்லருக்குப் போய், தராசைப் பார்த்ததும் அந்த ஆளின் முகம் வந்து, அப்படியே பூட்டிவிட்டு மேலே வந்திருக்கிறேன். அவரைப் பழிவாங்குவதற்காகவே அவரை மறக்கப் பழக வேண்டியிருந்தது. சனியன், அதற்குத்தான் அதிக காலம் பிடித்தது. சனிக்கிழமைகளில் தனியே சுட்டேன், தனியே பொறுக்கினேன், வீட்டில் கழுவுவது மட்டும் அப்பாதான். ஒவ்வொரு முறையும் சில கோதுகள் குறைந்தன. அப்பாவின் கண் எனக்கில்லை, புல்லுக்குள் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிச் சூட்டு நாளில் மழை தூறியது. அந்த ஆள் எனக்கு முன்னால் சுட்டார். நன்றாகவே சுட்டார், அதில் பொய் சொல்ல மாட்டேன். நான் படுத்து, அப்பா கழுவிய கோதுகளில் கட்டிய ரவைகளை ஏற்றினேன். அவர் முகம் ஒருதரமும் வரவில்லை. புள்ளி திரையில் விழுந்தபோது எனக்கு அவரைவிட ஒன்றுதான் கூட. ஒன்று போதும்!

எல்லோரும் கை தட்டினார்கள். யாரோ தும்புத்தடியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்கள். குனிந்தார். மேசைக்குக் கீழே, சுவர் மூலையில், என் துவக்கு எறிந்த இடமெல்லாம் குனிந்து குனிந்து கூட்டினார். நான் கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் பார்த்தேன். நல்ல சுகமாக இருந்தது. கூடை நிறைந்ததும், எங்கே வைக்க என்று கேட்டார். வெளியே நின்ற எங்கள் காரைக் காட்டினேன். அவர் முகம் மாறியது. சட்டம் என்று ஏதோ தொடங்கினார். டிக்கியில் வையுங்கள், அப்பா தொட மாட்டார் என்றேன். பகிடி பார்க்கிற ஆவலில் மற்றவர்களும் பின்னால் வந்தார்கள்.

அவர் கூடையை டிக்கியில் வைத்துவிட்டுத் திரும்பியபோது அப்பா கண்ணாடியை இறக்கினார்.

"பிள்ளை, அந்தாளைப் பொக்கற்றைக் காட்டச் சொல்லு," என்றார்.

எனக்கு விளங்கவில்லை. என்றாலும் அப்படியே ஜெர்மனில் சொன்னேன். பகிடி என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. காட்டு காட்டு என்று அவருடைய கூட்டாளிகளே தூண்டினார்கள். அவர் ஜாக்கெட்டுக்குள் கை விட்டார். எடுத்துக் கார் பொனற்றில் வைத்தவை மெல்லிய சிவப்பு ஏறிய கோதுகள். என்னுடையவை, அவர் குனிகிறதையே நான் ரசித்துக்கொண்டு நின்றபோது கூட்டோடு கூட்டாகப் பொறுக்கியிருக்கிறார். திரும்பக் கட்டத் தோதான நல்ல கோது கண்டால் விட மாட்டாராம், கூட்டாளி ஒருவர் முணுமுணுத்தார். வருடம் முழுக்கப் புல் தின்றது என்று நான் நினைத்ததெல்லாம் அந்தப் பொக்கற்றுக்குள்தான் போயிருக்கிறது. சூட்டு மேடைக்கு நேரே நிற்கிற காரின் கண்ணாடிக்குள்ளால் அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அந்த ஆள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மழைக்குள் நடந்து போனார்.

பொனற்றில் கிடந்தவற்றை அள்ளி ஒரு பையில் போட்டுக்கொண்டு ஏறினேன். காரைத் தெருவுக்கு எடுத்தேன். பிறகு, இனி உள்ளே வருவீர்களோ என்று கேட்டேன். அடுத்த கிழமை மழை இல்லாவிட்டால் வருகிறேன் என்றார். என் மடியில் கிடந்த பையைப் பார்த்தார்.

"கூடையிலை கிடக்கிறதுகளை எப்பவும்போலை கழுவலாம். அந்தாளின்ரை பொக்கற்றுக்கை கிடந்ததுகளை மட்டும் ரெண்டு தரம் கழுவவேணும்."