லோறென்ஸ்கூக் சதுப்பில் ஒரு சோதினையும் ஒரு பை வல்லாரையும்

சதுப்பு எங்கே முடிகிறது, காய்ந்த நிலம் எங்கே தொடங்குகிறது என்று கொடி நட்டுக் காட்டுவதற்கு அரசாங்கச் சான்றிதழ் வேண்டும் என்றால் நம்மவர்கள் சிரிப்பார்கள். நான் அதற்காகவே 2008 ஆகஸ்ட் கடைசியில் ஹம்மர்பெஸ்டிலிருந்து ஒஸ்லோவுக்குப் பறந்தேன். சான்றிதழ் இல்லாதவரை, சேற்றில் நடப்பது நான், வரைபடத்தில் கையெழுத்து வைப்பது இன்னொருவர். களச் சோதினை ஆண்டுக்கு ஒரு தடவைதான் நடக்கிறது. இந்த முறை தவறினால் புது வீதிக்குச் சதுப்பு அளக்கும் வேலையை வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டிவரும் என்று என் மேலாளர் கோப்பி ஊற்றித் தந்தபடியே சொல்லியிருந்தார்.

வடக்கிலிருந்து வருபவர்கள் துரொம்சோவில் விமானம் மாற வேண்டும். போகவர எனக்கு இரண்டாயிரத்து நானூறு குரோணர் ஆனது. ஒஸ்லோ மத்திய நிலையத்திலிருந்து சுரங்க ரயிலில் ட்வெய்ட்டாவுக்குக் கால்மணி நேரம். அங்கே அக்கா வீடு இருந்ததால் ஹோட்டல் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

மறுநாள் காலை பஸ்ஸில் போவதாகத்தான் இருந்தேன். அக்காவின் கணவர் விடவில்லை. அத்தானுக்குப் பாண் பேக்கரியில் வேலை. எனக்காக லீவு போட்டிருந்தார். சோதினைக்குப் பெண்பிள்ளையைத் தனியே அனுப்புவதா என்று கேட்டார். எனக்கு முப்பத்தைந்து வயது, துருவக் கரடிக்கு எப்படி ஒதுங்க வேண்டும் என்று பயிற்சி எடுத்தவள். என்ன சொல்லியும் எடுபடவில்லை. வேலியில் போன ஓணானை மடியில் கட்டிய கதையாக, அத்தான், ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி, இடியப்பப் பெட்டி எல்லாவற்றோடும் புறப்பட்டேன்.

ட்வெய்ட்டாவிலிருந்து லோறென்ஸ்கூக் பத்துக் கிலோமீட்டர் வராது. எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அத்தான் அங்கே வீடு வாங்கும் யோசனையில் இருந்தார். விற்பனைப் பலகை கண்ட இடமெல்லாம் கார் நின்றது. இந்த வீட்டில் கராஜ் பெரிது, அந்த வீட்டில் எங்கட ஆக்கள் பக்கத்தில் என்று விளக்கம் வேறு. நான் மனதுக்குள் பாசி வகைகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காட்டோரத் தரிப்பிடத்தில் சோதினைக்கான மற்ற ஐந்து பேரும் தனித்தனியே வந்து நின்றார்கள். துணையோடு வந்தவள் நான் மட்டும்தான். அத்தானைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டுப் போனேன். சோதகர் ஒல்லியான, நரைத்த தாடிக்காரர். அரை மணி நேரம் விதிகளை விளக்கினார். ஆளுக்கொரு கீற்று நிலம். அதில் உள்ள செடிகளைச் சொல்ல வேண்டும், மண்ணைத் துளைத்துப் பார்க்க வேண்டும், ஈரநிலம் முடியும் கோட்டில் கொடி நட வேண்டும்.

என் கீற்றுக்கு வந்ததும் சோதகர் தன் தாளையும் நிலத்தையும் மாறிமாறிப் பார்த்தார். சதுப்பில் மட்டும் வளரும் ஒரு வயலெட் செடி நேற்று அங்கே நிறைய இருந்ததாம். இன்று ஒன்றும் இல்லை. நான் குனிந்து பார்த்தேன். காம்புகள் நகத்தால் கிள்ளப்பட்டு வரிசையாக நின்றன. எந்த மானும் அப்படிக் கிள்ளாது. கீரை ஆய்ந்து பழகிய கைதான் கிள்ளும்.

அத்தான் சற்றுத் தள்ளி ஒரு பாறையில் பிள்ளையார் மாதிரி இருந்தார். மடியில் சூப்பர்மார்க்கெட் பை நிறைய வட்ட இலை.

“வல்லாரை எல்லே இது, பிள்ளை. பின்னேரம் உன்ர அக்கா சம்பல் போடட்டும்,” என்றார்.

நிலம் அந்த இடத்தில் என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். காட்டில் இலை பறிக்க இந்த நாட்டில் எவருக்கும் உரிமை உண்டு என்பதால் சோதகரால் திட்டவும் முடியவில்லை. கீற்றுக் கெட்டுவிட்டது, அடுத்த ஆண்டு வாருங்கள் என்றார் மெதுவாக. எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் கேட்டேன்: செடி போனாலும் வேரும் மண்ணும் அப்படியே இருக்கின்றன, அதை வைத்துச் செய்யலாமா? அவர் தாடியைத் தடவிவிட்டுச் சரி என்றார்.

கிள்ளிய காம்புகளை வைத்தும் மண்ணைத் துளைத்தும் கொடிகளை நட்டேன். ஒரு மூலையில் மட்டும் என் கோடு, கிள்ளிய காம்புகளைத் தாண்டி, காம்பு எதுவும் இல்லாத புதருக்குள் இரண்டு மீட்டர் போனது. சோதகர் அத்தானைக் கூப்பிட்டு, இந்த மூலையிலும் பறித்தீர்களா என்று கேட்டார். அத்தான் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு உதவுவதாக நினைத்து, நல்ல நோர்வேஜிய மொழியில், ஆம், அங்கேதான் அதிகம் பறித்தேன் என்றார்.

சோதகர் எழுதப் போனார். அவர் எழுதியிருந்தால் அந்தக் கோடு அத்தானின் பொய்யில் நின்றிருக்கும். கீழே என் கையெழுத்து.

இல்லை, இவர் அங்கே பறிக்கவில்லை, அங்கே அந்தச் செடியே இருக்கவில்லை, மண்ணைப் பார்த்துத்தான் நட்டேன் என்று நான் சொன்னேன். வெள்ளைக்காரனுக்கு முன்னால் எங்கள் வீட்டு மூத்த மருமகனைப் பொய்யனாக்கிவிட்டேன். அத்தான் பையோடு காருக்குப் போய்விட்டார்.

சோதகர் அந்த மூலையைத் தானே துளைத்தார். தண்ணீர் சொட்டும் கறுப்புக் கரிமண் வந்தது. அதை விரல்களால் பிழிந்து பார்த்துவிட்டு, என் பெயருக்கு நேரே அடையாளம் போட்டார்.

திரும்பும் வழியில் விற்பனைப் பலகை எதற்கும் கார் நிற்கவில்லை. வீட்டில் அக்கா பையைக் கொட்டி, ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து, இது வல்லாரையே இல்லை என்று எல்லாவற்றையும் குப்பையில் போட்டாள். அத்தான் இடியப்பத்தை மட்டும் சாப்பிட்டார்.

சான்றிதழ் தபாலில் வந்தது. இந்தச் சோதினைக்குப் போகிறவர்களுக்கு என் ஆலோசனை: முழங்கால்வரை பூட்ஸ், மாற்றுக் காலுறை, ஈ, இலையான் விரட்டும் மருந்து. துணைக்கு யாரையும் கூட்டிப்போக வேண்டாம். கூட்டிப்போனால் கையில் பை கொடுக்க வேண்டாம். நான் படித்ததெல்லாம் செடியும் மண்ணும்தான். வேண்டியவரின் பொய்யை மறுத்துச் சொல்வதும் அந்தச் சான்றிதழில் அடங்கும் என்று புத்தகத்தில் இல்லை.

அத்தான் பல மாதம் என்னோடு கதைக்கவில்லை. போன கிழமை தொலைபேசி எடுத்தார். லோறென்ஸ்கூக்கில் ஒரு வீடு பிடித்திருக்கிறதாம், விலையும் மலிவாம், வீட்டு வளவில் நின்றுதான் கதைக்கிறாராம். நிலம் நல்லது என்று நான் ஒரு சொல் சொன்னால் போதுமாம்.

கால் புதைகிறதா என்று கேட்டேன். தொலைபேசிக்குள் சளக், சளக் என்று நடக்கும் சத்தம் கேட்டது.

“கொஞ்சம் புதையுது,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “வல்லாரை மாதிரி ஒண்டும் நிக்குது, பிள்ளை.”