நிழலில் வைத்த அல்லி

என் ஓரகத்தி வீட்டில் அல்லி பூத்தால் எனக்கு வயிறு எரியும். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவள் பின்கட்டில் சிமென்ட் தொட்டி கட்டி ஊதா அல்லி வைத்திருந்தாள். பூத்துவிட்டுப் போகட்டும். ஆனால் காலேஜ் விட்டு வரும் என் மகள், பையைப் போட்டதும் அந்தத் தொட்டி ஓரம் போய் உட்கார்ந்துவிடுவாள். பெரியம்மாவிடம் வாய் ஓயாமல் பேசுவாள். என்னிடம் பேச அவளுக்கு 'ம்' ஒன்றுதான் இருந்தது.

நானும் ஒரு தொட்டி கட்டினேன், ஓரகத்தியுடையதைவிட ஒரு சாண் நீளமாக. தாமரை கேட்டேன், இடம் போதாது என்று போளூர் நர்சரியில் சொல்லிவிட்டார்கள். வருஷக்கணக்கில் நிற்கிற செடியாகத்தான் பார்த்தேன். ஒரே மழைக்காலத்தில் செத்துப்போனால் அவள் முன்னால் என் மானம் என்னாவது? அவளுடையது ஊதா என்றால் எனக்குச் செவ்வல்லி. ஓரத்துக்கு மஞ்சள் கல்வாழை. புடவைக்கு பார்டர் சேர்ப்பது போலத்தான் சேர்த்தேன். தொட்டி வழிந்து மண் சதா ஈரமாக இருக்கும் மூலைக்கு வல்லாரை. அதைச் சும்மாவே கொடுத்தார்கள்.

தொட்டியைக் கட்டியது, சாயம் போட்ட பட்டு நூலைக் காயவைக்கும் கொட்டகைக்குள். எங்கள் வீட்டில் நல்ல பொருள் எதையும் வெயிலில் காட்டமாட்டோம், நிறம் வெளுத்துவிடும். அல்லி தட்டுத் தட்டாக இலை விட்டது. மொட்டு வரவில்லை. கல்வாழையும் வெறும் இலையோடு நின்றது. மாதங்கள் போயின. ஒருநாள் ஓரகத்தியே வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா, அல்லியப் போய் நெழல்ல வெச்சிகினு இருக்க. அது இன்னா பட்டு நூலா? வெயில் பட்டாதான பூக்கும்."

தெரிந்துகொண்டே இத்தனை நாள் வேடிக்கை பார்த்தாளோ என்றுகூட நினைத்தேன்.

வல்லாரை மட்டும் அந்த நிழலுக்கும் ஈரத்துக்கும் தளதளவென்று படர்ந்தது. ஒரு சாயங்காலம் மகள் குனிந்து அதைப் பறித்துக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. துவையல் அரைக்கட்டுமா என்று கேட்டேன். பெரியம்மாவுக்கு வல்லாரை என்றால் உயிர், அவங்களுக்குத்தான் என்றாள்.

"எனக்கு இன்னா புடிக்கும்னு தெரியுமாடி உனக்கு?"

கீரையைத் துப்பட்டாவில் முடிந்துகொண்டே, கோபம் எதுவும் இல்லாமல் சொன்னாள்.

"உனக்கா? பெரிம்மா வெச்சிருக்கறதெல்லாம் புடிக்கும்."

எனக்கே பிடித்தது என்று வேறு ஒன்றையாவது சொல்லிவிட வேண்டும் என்று யோசித்தேன். அவள் வாசலைத் தாண்டும்வரை எதுவும் வரவில்லை.