பார்க்கப் பார்க்க நகராத வேன்

அன்று மாலை என் மகளின் பள்ளி வேன் முடிச்சூர் சாலையில், ஏரி நிரம்பினால் வழிந்து வெளியேறும் கலங்கலின் தண்ணீர் சாலையைக் கடந்து ஓடும் தாழ்வான இடத்தில் நின்றுகொண்டிருந்தது. அப்படித்தான் போன் சொன்னது. வேனைக் காட்டும் செயலியின் வரைபடத்தில் ஒரு மஞ்சள் புள்ளி, கீழே வேனின் எண். விரலால் திரையைக் கீழே இழுத்துவிடுவேன். சின்ன வட்டம் ஒன்று சுற்றும். புள்ளி மறுபடியும் அதே இடத்தில் வந்து உட்காரும்.

காலையிலிருந்து விடாத மழை. பள்ளியை முன்கூட்டியே விட்டுவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்திருந்தது. என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்குப் போன் கொண்டுபோக அனுமதி இல்லை. வேன் ஓட்டுநரின் எண்ணுக்கு அடித்தால் அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது என்றே குரல் வந்தது. மிச்சம் இருந்தது அந்த மஞ்சள் புள்ளி ஒன்றுதான்.

நான் மென்பொருள் வேலையில் இருப்பவள். வீட்டிலிருந்தே வேலை. மடிக்கணினியில் யாரோ எதையோ விளக்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஒலியை அணைத்துவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் என் கணவர் வழியிலிருந்து கூப்பிட்டார்.

“நான் கெளம்பிட்டேன். ஆனா அனகாபுத்தூர் தாண்ட முடியல, ரோடு எது வாய்க்கா எதுன்னே தெரியல. வேன் எங்க காட்டுது?”

“கலங்கல்கிட்ட. ரொம்ப நேரமா அங்கயேதான்.”

“டிராஃபிக்கா இருக்கும், பதறாத.”

“டிராஃபிக்னா ஒரு அடியாவது நகராதா?”

“நான் வேற வழி பாக்குறேன்” என்று அவர் போனை வைத்தார்.

கீழ்த்தளத்தில் வீட்டு உரிமையாளர் அக்கா இருக்கிறார். இந்தப் பகுதி வயலாக இருந்த காலத்தில் நிலம் வைத்திருந்த குடும்பம். இப்போது வீட்டின் முன்பக்கத்தில் ஹார்டுவேர் கடை. அவருடைய மகனும் அதே வேனில்தான் வருகிறான். நான் இறங்கிப் போனபோது கடை முழுக்கத் தார்ப்பாய் கேட்டு நிற்கும் கூட்டம்.

“அக்கா, வேன் தண்ணிக்குள்ள நிக்குதுக்கா.”

“யாரு சொன்னா?”

“போன்ல காட்டுது.”

“நான் இன்னிக்குப் போனையே தொடலம்மா. காலைலேர்ந்து ஒரே பேஜாரா கீது, பாரு இந்த ஜனத்த. டிரைவரு பழைய ஆளு, பாத்துக்குவாரு. நீ போன மொறச்சிகினே இருந்தா வண்டி பறந்தா வரும்?” என்று சொல்லிவிட்டு ஒருவருக்குத் தார்ப்பாயை அளந்து வெட்டினார்.

அவருக்கு அக்கறை இல்லை என்று அப்போது எனக்குக் கோபம் வந்தது. குடையை எடுத்துக்கொண்டு நானே நடந்தேன். போகும் வழியெல்லாம் சில அடிகளுக்கு ஒரு முறை திரையை இழுத்தேன். கணுக்கால் தண்ணீர் முழங்கால் தண்ணீரானது. செருப்பில் ஒன்று எங்கோ கழன்று போனது. புள்ளி என்னை விட்டு விலகவில்லை. நான்தான் அதை நெருங்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் என்னைக் காட்டும் நீலப் புள்ளியும் வேனின் மஞ்சள் புள்ளியும் ஒன்றின்மேல் ஒன்று நின்றன.

அங்கே வேன் இல்லை.

பழுப்புத் தண்ணீர் சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. இடது பக்கம் காலி மனைகள், எல்லைக் கற்களின் தலை மட்டும் தெரிந்தது. வலது பக்கம் அதுவும் தெரியவில்லை. பைக்கைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் எதிரே வந்தார்கள்.

“தம்பி, இங்க ஸ்கூல் வேன் ஒண்ணு நின்னுதா?”

“நாங்க பாக்கலக்கா. இந்தத் தண்ணில எந்த வண்டி வரும்? முன்னாடி போகாதீங்க, பள்ளம் கீது.”

நான் போனைப் பார்த்தேன். தண்ணீரைப் பார்த்தேன். மறுபடி போனை இழுத்தேன். நான் நிற்கும் இடத்திலேயே வேன் நிற்பதாக அது உறுதியாகச் சொன்னது. ஓர் இடத்தில் இருக்க வேண்டிய வண்டி அங்கே இல்லையென்றால், அதுவும் ஓடும் தண்ணீர் இருக்கும் இடத்தில் இல்லையென்றால், மனம் ஒரே ஒரு பதிலுக்குத்தான் போகும். ‘ஆண்டவரே’ என்று ஆரம்பித்தேன். அதற்கு அடுத்த சொல் வரவில்லை.

அப்போது கீழ் வீட்டு அக்கா போனில் கூப்பிட்டார்.

“எங்கம்மா கீற?”

“கலங்கல்ல அக்கா. வேன் இல்ல. இங்கதான் காட்டுது, ஆனா இல்ல!”

“அங்க எப்படிம்மா இருக்கும்? நீ போன போக்கப் பார்த்து எனக்கும் பயமாப் போச்சி, இப்பதான் போனத் தொறந்தேன். வண்டி பெருங்களத்தூர்ல, சர்ச்சாண்ட நிக்குது.”

“அக்கா, ஒரே வேன்தானே?”

“பின்ன, ஆளுக்கொரு வேனா உட்டுகினு கீறாங்க? மொதல்ல மேட்டுக்கு வா நீ!”

கடையின் சின்ன லோடு வண்டியை எடுத்துக்கொண்டு அவரே வந்தார். மேட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போனோம். இரண்டு போன்களும் என் மடியில். ஒரே செயலி, ஒரே வேன் எண். அவருடையதில் புள்ளி தேவாலயத்தருகே இருந்தது. என்னுடையதில் கலங்கலில் இருந்தது. நான் என்னுடையதை இழுத்தேன். கலங்கல். எதை நம்புவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோதுதான், பல வருடங்களாக நான் செய்துவரும் வேலை மெதுவாக என் தலைக்குள் விழித்துக்கொண்டது. அவர் காலையிலிருந்து போனைத் தொடவே இல்லை. நான் விடாமல் தொட்டுக்கொண்டிருந்தேன். வேறுபாடு அது ஒன்றுதான்.

இந்த வேலை தெரியாதவர்களுக்கும் இதைச் சொல்லிவிட முடியும். வேன்களில் பொருத்திய கருவிகள் அனுப்பும் இருப்பிடமெல்லாம் ஒரு பெரிய தரவுத்தளத்தில் சேர்கிறது. ஒவ்வொரு முறையும் அங்கே போய்க் கேட்டால் தாமதமாகும். அதனால் அண்மையில் கேட்கப்பட்டவற்றை மட்டும் கைக்கெட்டும் தூரத்தில், கணினியின் நினைவகத்தில் வைத்துக்கொள்வோம். கேஷ் என்போம். மாணவரின் எண்ணைக் கொடுத்தால் இருப்பிடம் வரும்; ஒரே வேனில் வந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் குறிப்பு. இடம் குறைவு என்பதால் வெகுநேரம் யாரும் தொடாதது முதலில் வெளியேற வேண்டும்.

தொடாதது எது என்று தேடிக்கொண்டிருக்காமல் அதைச் செய்வதில்தான் சாமர்த்தியம். கைகோர்த்து வரிசையில் நிற்கும் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் ஒருத்தியை யாராவது கூப்பிட்டால் அவள் கைகளை விடுவித்துக்கொண்டு வரிசையின் முன்னால் போய் நிற்பாள். அவளுக்கு இருபுறமும் நின்றவர்கள் தங்களுக்குள் கைகோர்த்துக்கொள்வார்கள். வேறு யாரும் அசைய வேண்டாம். எந்த எண் வரிசையில் எங்கே நிற்கிறது என்பதை அகராதி போன்ற ஒரு பட்டியல் தனியாக வைத்திருக்கும், ஆகவே தேடலும் இல்லை. இடம் போதாதபோது கடைசியில் நிற்பவர் கையை விட்டுவிட்டால் போதும். வரிசை எவ்வளவு நீளமானாலும் வேலை அதே அளவுதான். நேர்முகத் தேர்வுக்கு வருகிறவர்களிடம் நான் விரும்பிக் கேட்கும் கேள்வி இது.

இந்தச் செயலியில் கூடுதலாக ஒரு விதி இருந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். சில நிமிடங்கள் யாருமே கேட்காத குறிப்பை எறிந்துவிட்டு, அடுத்து யாராவது கேட்கும்போது தரவுத்தளத்திலிருந்து புதிதாக எடுக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அந்தச் சில நிமிடங்கள் முதலிலிருந்து தொடங்கின. சாதாரண நாளில் இதனால் ஒன்றும் ஆகாது. வேன் வரும் நேரத்துக்கு எல்லோரும் ஓரிரு முறை பார்ப்பார்கள், அவ்வளவுதான். அன்று நானோ பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்த்த ஒவ்வொரு முறையும் என் மகளின் பழைய இருப்பிடத்துக்கு நானே ஆயுளை நீட்டித்தேன். வேன் தன் புதிய இடத்தைத் தரவுத்தளத்துக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நான் எப்போது கேட்டேன் என்பதை அந்த அமைப்பு நினைவில் வைத்திருந்தது. வேன் எப்போது சொன்னது என்பதை வைத்திருக்கவில்லை.

தேவாலயத்தின் கூடத்தில் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தார்கள். ஓட்டுநர் கலங்கல் வரை வந்து, ஆழம் பார்க்க இறங்கியிருக்கிறார். சட்டைப் பையிலிருந்த போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. இறங்கிப் பார்த்தவர் வண்டியைத் திருப்பி மேட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். செய்ய வேண்டியதைச் செய்த மனிதர், என்னைக் கண்டதும் ஏதோ தப்பு செய்தவர் போல எழுந்து நின்றார்.

“ஏம்மா இப்படி நனஞ்சிருக்க? செருப்பு எங்க?” என்றாள் என் மகள்.

அவளைப் பிடித்துக்கொண்டேன்.

“அம்மா, எல்லாரும் பாக்குறாங்க. விடு. நான் எங்கயும் போகல.”

அக்கா தன் மகன் தலையில் ஒரு தட்டு தட்டி, “எத்தினி பன்னுடா துன்ன?” என்று கேட்டார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அந்தச் செயலியை நடத்துவது ஒரு சின்ன நிறுவனம். நடந்ததை விவரமாக எழுதி அனுப்பினேன். சேலையூரில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அவர்கள் அலுவலகம். சண்டை போடும் எண்ணத்தோடுதான் படியேறினேன். செயலியை எழுதியவருக்கு என் வயது இருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேசிவிட்டார்.

“மேடம், நீங்க எழுதின மாதிரியே செஞ்சு பார்த்தேன். விடாம இழுத்துகிட்டே இருந்தேன். வண்டி தாம்பரம் ஸ்டேஷன் தாண்டிப் போயிடுச்சு, புள்ளி சேலையூர்லயே நிக்குது. எனக்கே பயமாப் போச்சு.”

“எங்களுக்கும்தான் சார்.”

“மழை நாள்ல எல்லாரும் ஒரே நேரத்துல பார்ப்பாங்க, சர்வர் படுத்துடும்னு பயந்துதான் இத வெச்சேன். பாக்குறவங்களுக்கு டக்குனு கெடைக்கணும்னு.” மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை நகர்த்தி நகர்த்தி வைத்தார். “அன்னிக்கு வேற யாராவது தண்ணில எறங்கியிருந்தா, மேடம்?”

அவரிடம் கோபப்பட என்னிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. மழை நாளுக்காகவே யோசித்துச் செய்திருக்கிறார். மழை நாளில் ஒரு தாய் எப்படிப் பார்ப்பாள் என்பது மட்டும் அவர் கணக்கில் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதே விதியை எழுதியிருப்பேன். கையெழுத்து மாறியிருக்கும், அவ்வளவுதான்.

இரண்டு பேரும் உட்கார்ந்து மாற்றினோம். யாராவது கேட்டால் குறிப்பு வரிசையின் முன்னால் வரட்டும், அது இடத்துக்கான போட்டி. ஆனால் அதன் ஆயுள், வேன் சொன்ன நேரத்திலிருந்தே எண்ணப்பட வேண்டும். எத்தனை பேர் கேட்டாலும் அது நீளக் கூடாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக வைக்காமல் வேனுக்கு ஒரே குறிப்பு போதும். வேனிலிருந்து புதிய செய்தி வந்தவுடன் பழையதன்மேலேயே எழுதிவிட வேண்டும். கடைசியாக நான் ஒன்று கேட்டேன். புள்ளியின் கீழே, இது எவ்வளவு நேரத்துக்கு முந்தைய செய்தி என்று காட்ட வேண்டும்.

“அதப் பார்த்தா பேரன்ட்ஸ் இன்னும் பயப்படுவாங்களே மேடம்?”

“பயப்படட்டும் சார். பொய்யான எடத்துல போய் நிக்க மாட்டாங்க.”

அவர் தலையாட்டினார். பிறகு, “சோதிக்க எங்ககிட்ட புரோகிராம் இருக்கு. ஆனா உங்கள மாதிரி இழுக்க அதுக்கு வராது” என்றார். சொல்லலாமா கூடாதா என்று தயங்கித்தான் சொன்னார். நான் சிரித்ததும்தான் அவரும் சிரித்தார்.

அடுத்த மழை சில நாள் கழித்து வந்தது. புள்ளி பழைய பெருங்களத்தூரில் இருந்தது. அதன் கீழே, ‘நான்கு நிமிடங்களுக்கு முன்’. இழுத்தேன். ‘ஐந்து நிமிடங்களுக்கு முன்’. நான் கேட்பதால் அந்த எண் குறையாது. குறையக் கூடாது என்று எழுதியதில் எனக்கும் பங்கு உண்டு. தெரிந்திருந்தும் மறுபடி இழுத்தேன். வீட்டுக்குள் நிற்க முடியாமல் கடைக்கு இறங்கினேன்.

“ஒக்காரும்மா. இன்னா சொல்லுது ஒன் போனு?” என்றார் அக்கா.

“அஞ்சு நிமிஷம் முன்னாடி எங்க இருந்துச்சுன்னு சொல்லுதுக்கா. இப்ப எங்கன்னு அதுக்குத் தெரியல.”

“தெரியாதத தெரியலன்னு சொல்லுதா? அப்ப நல்ல போனுதான்.” ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்காரவைத்தார். “வரும். சிக்னல் கெடைக்காம இருந்திருக்கும்.”

எண் ஆறானது. அக்கா ஆணிப் பெட்டியை ஒழுங்குபடுத்துவது போல ஏதோ செய்துகொண்டிருந்தார். அவரும் தெருமுனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான் தொடாமலே புள்ளி இடம் மாறியது. கீழே ‘இப்போது’ என்று வந்தது. மழைக்குள் வேனின் விளக்கு தெரிவதற்குள் நான் குடையில்லாமல் தெருவில் இறங்கி நின்றிருந்தேன்.