ஏழு மில்லிமீட்டர்

என் மனைவியின் குதிகாலில் இருந்த கருமச்சத்தை ஞாயிறுதோறும் ஸ்கேலால் அளந்து டைரியில் எழுதினேன். நான்கு மில்லிமீட்டர், ஐந்து, ஏழு.

"டாக்டர்கிட்ட காட்டிடலாங்க" என்பாள். "இன்னும் ரெண்டு வாரம் பாப்போம்" என்பேன்.

தோல் புற்றுநோய் என்று உறுதியான அன்று கதிர்காமம் அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கினார்: "கட்டியைச் சுத்தி நோய் எதிர்ப்பு செல்லுங்க சும்மா நிக்குது சார். அதுங்களச் சண்டை போட வைக்கிற ஜீனும் கெட்டுப்போகல, அது மேல பூட்டு விழுந்திருக்கு. அதத் திறக்கிற வழியத்தான் ஆராய்ச்சியில தேடுறாங்க. நாம மொதல்ல ஆபரேஷன் பண்ணிடுவோம்."

மனைவி என்னிடம் திரும்பினாள். "உங்கள மாதிரியேதான். கிட்டவே நின்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கு." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என்னால் டாக்டரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்தது. அடுத்த ஸ்கேனுக்குக் காத்துக்கொண்டு வீட்டில் ஓரிடத்தில் உட்கார முடியாமல் நடக்கிறேன். எழுதி வைப்பதையே அக்கறை என்று நம்பியிருந்தேன். அவள் கேட்ட அன்றே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும்.