ஒரே வெயிலில் காய்ந்த செம்பாசி

இரண்டு கைகளும் ஈரப் பாசியை உதறி உதறி வலைமேல் பரப்பிக்கொண்டிருந்தன. ஓர் இலைமேல் இன்னோர் இலை ஏறக் கூடாது. வலைக்குக் கீழே உருண்டைக் கற்கள். அவை சூடேறினால் பாசி அடியிலிருந்தும் காயும். மடிப்புகளில் ஒளிந்திருந்த சின்ன நத்தைகளை விரல்கள் தடவிக் கண்டுபிடித்து எறிந்தன. ஒன்று தவறினாலும் தின்பவரின் பல் போய்விடும்.

வெல்டா இங்கல்ஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. கனடாவின் கிழக்குக் கடலில் உள்ள கிராண்ட் மனான் தீவின் மேற்குக் கரையில், மலைச்சுவரின் நிழல் விழும் பாறைகளில், முப்பது வருடமாகச் செம்பாசி பறிக்கிறாள்; காயவைத்து அப்படியே மெல்லும் சிவப்புக் கடற்பாசி அது. பறிக்கிறவர்களைப் பார்த்துப் பாதி கற்றாள், மற்றதைக் கெடுத்துக் கெடுத்துத் தானே கற்றுக்கொண்டாள். இன்று விடியலில் கடல் வற்றியதும், கொட்டலசு ஓடுகள் அப்பிய பாறைகளில் நடந்து, மேலே படர்ந்த பழுப்புப் பாசியை விலக்கி, கீழிருந்த சிவப்பை மட்டும் பறித்தாள். பாறையைப் பிடித்திருக்கும் அடியை விட்டுவிட்டாள். மறுபடி வளர வேண்டுமே. இரண்டு வலைக்குக் கிடைத்தது.

அத்தனையும் தம்பி லார்னுக்கு. மாலை ஐந்தரைக் கப்பலில் கரை சேர்ந்து, அவன் நாட்டின் மேற்கே இருக்கும் ஆல்பெர்ட்டாவுக்கு வெல்டிங் வேலைக்குத் திரும்புகிறான். இனி அடுத்த கோடையில்தான் வருவான். செம்பாசி ஒரே வெயிலில் காய வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் பைக்குள் வியர்த்துப் பூசணம் பிடித்துவிடும்.

காபி எடுக்க உள்ளே போய் வந்தவள் வாசற்படியிலேயே நின்றாள். லார்ன் கையில் தோட்டத்துக் குழாய். இரண்டாவது வலையிலிருந்து சிவப்புத் தண்ணீர் கற்களுக்கிடையே ஓடிக்கொண்டிருந்தது.

"என்னடா பண்ற?"

"மணலா இருந்துச்சுக்கா. அலசி விட்டேன்."

"நல்ல தண்ணியிலயா! கடையில வாங்குன கீரையாடா இது? பதினஞ்சு வருசம் அங்க இருந்து மூளையும் வெளுத்துப்போச்சா? கடல் தண்ணி தவிர வேற எது பட்டாலும் சாயம் இறங்கிடும்னு தெரியாது?"

அவன் ஓர் இலையை மென்று பார்த்தான். "சப்புனு இருக்கு" என்றான் சின்னக் குரலில். "நல்லதோட கலந்து கட்டிரலாமா?"

"கலந்தா அதையும் நனைச்சுக் கெடுக்கும். அள்ளிட்டுப் போய் உருளைக்கிழங்குப் பாத்தியில போடு. அதுக்காவது ருசிக்கட்டும்."

மீதி ஒரு வலை. மதியத்துக்குமேல் கடலில் மூடுபனி வெள்ளையாக எழுந்து நின்றது. அது கரையேறினால் எல்லாம் மறுபடி நனையும். மேல்பக்கம் விறைத்த பிறகு வெல்டா ஒரே ஒருமுறை திருப்பிப் போட்டாள். அதிகம் புரட்டினால் நொறுங்கிவிடும்.

நான்கு மணிக்குப் பனி முதல் பாறையைத் தொட்டது. அவள் ஒரு பிடி எடுத்துக் காதருகே வைத்து அழுத்தினாள். சரசரத்தது. வலையின் நடுவிலிருந்து இன்னொரு பிடி. சத்தமே இல்லை.

"தொட்டா காஞ்சுதான் இருக்கு" என்றான் லார்ன்.

"தொட்டா அப்படித்தான் இருக்கும். காதுல கேக்கணும்."

சத்தம் வராததையெல்லாம் ஒதுக்கினாள். அதை அடுப்புக்கு மேலே காயவைத்துத் தானே தின்றுகொள்வாள். மிஞ்சியது பழுப்புக் காகிதப் பையில் பாதிதான்.

கப்பல்துறையில் கார்கள் கப்பலுக்குள் ஏற ஆரம்பித்திருந்தன.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் வருமாக்கா?"

"வேலை எடத்துல கண்டவனுக்கெல்லாம் நீட்டாம இருந்தா வரும்."

"அவனுங்க எங்க தின்றானுங்க? போன தடவ ஒருத்தன் வாயில போட்டுட்டு, செருப்புத் தோலுன்னு துப்பிட்டான்."

"அப்ப நல்ல பசங்கதான்" என்று சிரித்தபடி வெல்டா பையை அவன் கையில் கொடுத்தாள்.