காது குத்த மடி கொடுத்த மாமன்

பிள்ளைக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். என் அண்ணன் கடலுக்கு அப்பால் இருந்தான். மலாயாவில், லாயாங் லாயாங் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என் கணவருக்கு வீடும் விறகும் கொடுத்தார்கள். மைத்துனனைக் கொடுக்க அவர்களால் முடியவில்லை. அங்கே வழக்கமாகிவிட்டபடி, மாமன் முறைக்கு ஒரு நல்ல மனிதரைத் தேடினோம்.

நான்தான் அந்தத் துணி வியாபாரியைச் சொன்னேன். மூட்டையோடு ரயிலில் வந்து தோட்டம் தோட்டமாகச் சேலை விற்பவர். என் ஊருக்கு அடுத்த ஊர்; என்னைத் தங்கச்சி என்பார். குடிக்க மாட்டார், குரல் உயர்த்த மாட்டார். படித்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று எங்களோடு இருந்த மூத்த நாத்தனாரும் ஒத்துக்கொண்டார். யார் தூக்கினாலும் வீறிடும் என் மகன், அவர் மடியில் ஊசி இறங்கியபோதுகூடச் சிணுங்கியதோடு சரி. மாமன் சீராகத் தங்கக் கடுக்கனும் அவரே கொண்டுவந்தார்.

"புள்ளைங்களுக்கு ஆளத் தெரியும்" என்றார் நாத்தனார்.

காது சீழ் பிடித்தது. பிள்ளை இரவெல்லாம் அனத்தினான். மஞ்சள் போட்டதா, ஊசி சுத்தமில்லாததா, எது தவறு என்று எனக்கு இன்றும் தெரியாது. அது ஆறிய சமயத்தில்தான் அவரைக் கைது செய்தார்கள். தனியாக இருந்த மூன்று பெண்களை, வெவ்வேறு தோட்டங்களில், விற்க எடுத்துப்போன சேலையாலேயே நெரித்து நகைகளை எடுத்திருந்தார். எங்கள் கடுக்கன் செடெனாக் தோட்டத்தில் இறந்த பெண்ணின் தோடு. உருக்கிச் செய்துகொடுத்த பத்தர் போலீசில் சொல்லிவிட்டார்.

போலீஸ்காரர்கள் கடுக்கனை வாங்கிப் போனதும், காதுத் துளை மூடாமல் இருக்க வேப்பங்குச்சி செருகினேன்.

"எதுக்கும்மா குச்சி?" என்றார் நாத்தனார். "தூந்து போவட்டும். வேற மாமன பாத்து மறுபடியும் குத்திக்கலாம்."

"மறுபடியுமா அண்ணி? இப்பத்தான ஆறுச்சு."

"பின்ன? கொலகாரன் மடியில குத்துன காதோட நாளைக்கிப் பொண்ணு கேட்டுப் போவியா?"

"அவனுக்கு இன்னும் பல்லே முழுசா வரல அண்ணி."

அவர் கேட்கவில்லை. வேறு மாமனைத் தேடினார். பெரிய கங்காணி பெண்டாட்டியை அடிப்பவர். கோயில் பண்டாரம் கள்ளுக்கடையில் இருப்பார். நான் எண்ணிப் பார்த்ததில், குணத்துக்குப் பழைய மாமனே தேவலை போலிருந்தது.

விசாரணை ஜொகூர் பாருவில் நடந்தது. கடுக்கனைக் கையில் வாங்கியவள் நான் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சாட்சி மேடையில் ஏறினேன். இதைக் கொடுத்தவர் யார் என்று கேட்டார்கள். நான் கையை நீட்டுமுன் குற்றவாளிக் கூண்டிலிருந்து அவரே பேசினார்.

"காது ஆறிடுச்சா தங்கச்சி?"

"ஆறிடுச்சுண்ணே."

மொழிபெயர்ப்பவர் அதை இங்கிலீஷில் சொன்னார். வெள்ளைக்கார நீதிபதி எழுதிக்கொண்டார். அதற்குமேல் யாரும் என்னை அடையாளம் காட்டச் சொல்லவில்லை.

திரும்பும் ரயிலில் என் கணவர் கேட்டார்: "அண்ணேன்னு சொல்லித்தான் ஆவணுமா?"

"கேட்டவருக்குப் பதில் சொல்லாம இருக்கலாமா?"

"கொல பண்ணவன்."

அதுவும் சரிதான். ஆனால் அந்தக் காதைப் பற்றி வேறு யாருமே என்னைக் கேட்டதில்லை.

தூக்கிலிட்ட செய்தியைக் கணவர் பத்திரிகையில் படித்துச் சொன்னார். நாத்தனார் மாவு இடித்தபடியே பேசினார். "தொலஞ்சான். இனிமேயாவது குச்சிய எடு."

எனக்கு உண்மையாகவே ஒரு சந்தேகம் வந்தது. "அண்ணி, மாமன் செத்தா மருமவனுக்குத் தீட்டு இல்லயா? தல முழுகணுமா?"

நாத்தனார் உலக்கையைச் சுவரில் சாய்த்தார். தீட்டு விஷயத்தில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. முழுக வேண்டாம் என்றால் வீட்டில் தீட்டு நிற்கும். முழுகினால் அவன் மாமன்தான் என்று ஆகிவிடும்.

"எதுக்கும் ஊத்திடு" என்றார்.

நான் வெந்நீர் வைத்தேன். பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றித் துவட்டி, இரண்டு காதிலும் புதுக் குச்சி செருகினேன். நாத்தனார் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குனிந்து, வலது காதுக் குச்சியைக் கொஞ்சம் நேராக்கிவிட்டார்.